சேர்க்கையும் கற்றலும்: கராச்சி முதல் டக்கார் வரை

குறைந்தது ஏழாண்டுக் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியை 1980-க்குள் ஆசியக் குழந்தைகள் அனைவர்க்கும் அளிப்பது, யுனெஸ்கோவின் முன்னெடுப்பில் 1960-இல் உருவான கராச்சித் திட்டத்தின் இலக்கு. மறு ஆண்டு அடிஸ் அபாபாவில் கூடிய ஆப்பிரிக்க நாடுகளும் 1980-ஐயே எல்லையாகக் கொண்டன. பல நாடுகளில் அது எட்டப்படவில்லை.

இத்திட்டங்கள் பள்ளிச் சேர்க்கையையே முதன்மை அளவுகோலாகக் கொண்டமை கருதத்தக்கது. சேர்ந்த குழந்தை என்ன கற்றது என்னும் வினா, 1990 மார்ச்சில் தாய்லாந்தின் ஜோம்தியனில் நிகழ்ந்த 'அனைவருக்கும் கல்வி' உலக மாநாட்டுப் பிரகடனத்தில் தனிப் பிரிவாகவே இடம்பெற்றது. சேர்க்கை, வருகை ஆகியவற்றோடு நின்றுவிடாமல் மெய்யான கற்றல் அடைவில் கருத்துச் செலுத்துமாறு அதன் நான்காம் பிரிவு வலியுறுத்துகிறது. (கெடு இப்போது 2000.)

2000 ஏப்ரலில் டக்காரில் வகுக்கப்பெற்ற ஆறு இலக்குகளுள் இறுதியானது தரம். ஆயின் அதே ஆண்டின் ஐ.நா. உச்சி மாநாட்டை அடியொற்றி எழுந்த புத்தாயிரமாண்டு வளர்ச்சி இலக்குகள், கல்வியைப் பொறுத்தவரை தொடக்கக் கல்வி நிறைவையும் பாலினச் சமன்மையையும் மட்டுமே ஏற்றன, தரம் விடுபட்டது. நிதி வழங்குவோர் பெரிதும் பின்பற்றியது இப்பட்டியலையே. எனவே ஜோம்தியன் தொடங்கிய மாற்றம் டக்காரில் முழுமையுற்றது என்பதைவிட, அங்கே தேங்கியது என்பதே பொருந்தும். 2015-இல்தான் தரம் நான்காம் நிலைத்த வளர்ச்சி இலக்கின் பெயரிலேயே இடம்பெற்றது; கெடு 2030-க்கு நகர்ந்தது.