துப்பறிவாளன் ஏறாத மலை

தமிழில் துப்பறியும் நாவலின் வரலாற்றை எழுதுவோர் பண்டித நடேச சாஸ்திரியிலிருந்து தொடங்குவது வழக்கம். 1894இல் வெளிவந்த அவரது நூலின் பெயர் 'தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்'. தலைப்பிலேயே பொலிஸ்காரன் கதாநாயகனாகிவிடுகிறான். இதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர், 1885இல், கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெவ்வை 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை எழுதினார். கடத்தப்பட்ட குழந்தை, மறைந்துபோன பிறப்பு, இறுதியில் வெளிப்படும் உண்மை என மர்மக் கதைக்குரிய கூறுகள் அதிலும் உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் பின்னர் இத்துறையைப் பெரும் வாசகர் கூட்டத்திடம் கொண்டு சென்றனர்.

இத்தனை வளமான மரபு இருந்தும் பதுளையும் ஊவாவும் உள்ளிட்ட மலையகத்தின் தமிழ் நாவலில் துப்பறியும் பொலிஸ் அதிகாரிக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை? வாசிக்க ஆளில்லாமலா? அல்ல. காரணம் தோட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

துப்பறியும் கதை ஒரு நம்பிக்கையின் மேல் நிற்பது. குற்றம் செய்தவன் ஒருவன்; அவனைக் கண்டுபிடிப்பவர் சட்டத்தின் ஆள்; உண்மை தெரிந்துவிட்டால் நீதி கிடைத்துவிடும். தோட்டத்தில் குற்றம் எனப்பட்டது எது? முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுப் போவதே 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். கடனைக் காட்டும் 'துண்டு' இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடையாது. 1921இல் துண்டுமுறை ஒழிக்கப்படும்வரை, லயத்திலிருந்து தப்பியோடியவனே தேடப்படும் ஆள். அங்கே பொலிஸ்காரன் துரைக்காக வந்தவன்.

1940இல் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தமும் இங்கு நினைவுகூரத்தக்கது. தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். அச்சபையைக் கலந்தாலோசிக்கத் தோட்டத்துரை உடன்பட்டார். 'ஒழுங்கை' நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். அமெரிக்காவின் டஷீல் ஹமெட், வேலைநிறுத்தங்களை முறியடிக்கப் பயன்பட்ட பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்த அனுபவத்தைக் கொண்டே, ஊழல் மலிந்த சுரங்க நகரொன்றைப் பற்றி 1929இல் நாவல் எழுதினார். துப்பறிபவனின் கையும் சுத்தமில்லை என்று சொன்ன அந்த முரட்டு நாவல் வகைக்கு வேவெஸ்ஸ நல்லதொரு களம். ஆயினும் நம்மிடம் அப்படியொரு நாவல் எழுதப்படவில்லை.

எழுதப்பட்டது வேறொன்று. ஹாலி-எலவுக்கு அண்மையில் ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். தாம் ஆசிரியராகப் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயருடன் சேர்த்துக்கொண்டவர், 2022இல் காலமானார். அவரது 'குடைநிழல்' 2010இல் நூலாயிற்று. கொழும்பில் குடும்பத்தோடு வாழும் மலையகத் தமிழர் ஒருவர் சந்தேகத்தின்பேரில் பொலிஸாரால் கொண்டுசெல்லப்படுகிறார். பெருநகரம் உண்டு, பொலிஸ் நிலையம் உண்டு, விசாரணையும் உண்டு. ஆனால் கதையை நாம் மேசைக்கு எதிர்ப்புறம் இருப்பவரின் கண்ணால் பார்க்கிறோம். இங்கே தேடப்படுவது குற்றவாளி அல்ல. பிடித்துவிட்டவருக்குப் பொருந்தும் ஒரு குற்றம். துப்பறியும் நாவலைத் தலைகீழாக்கினால் கிடைப்பது இதுதான்.

இது வெறும் கற்பனை அல்ல என்பதற்கு ஊவாவே சாட்சி. 2000 ஒக்டோபர் 25 காலை, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர் 27 பேர் ஒரு கும்பலால் கொல்லப்பட்டனர். ஆயுதம் தாங்கிய பொலிஸார் அங்கே நின்றிருந்தனர். கொலை நடந்தது பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க. ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. 2003இல் பொலிஸார் உட்பட ஐவருக்கு மேல்நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. 2005இல் உயர்நீதிமன்றம் அனைவரையும் விடுதலை செய்தது.

துலக்குவதற்கு மர்மம் எதுவும் இல்லாத வழக்கு இது. ஆயினும் 27 கொலைகளுக்கும் சட்டத்தின் முன் இன்று கொலையாளி எவரும் இல்லை. இத்தகைய நிலத்தில் கெட்டிக்காரத் துப்பறிவாளனைப் படைக்க எழுத்தாளன் தயங்கினால் அது கற்பனை வறுமை ஆகாது. எவரும் நம்பமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.