மாட்ஸ்லியின் பட்டறை



பொறியியல் பயிலும் இளைஞருள் பலர், பிறரிடம் ஊழியம் செய்யாது, சொந்தமாக ஓர் இயந்திரத் தொழிற்சாலை தொடங்கவேண்டும் என்னும் அவாவை உள்ளத்தே வைத்துள்ளனர். நல்ல அவாவே. ஆயின், அதற்கு முதலில் வேண்டுவது யாது? 'முதல்' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் பணம் என்றும் ஒரு பொருள் உண்டு. அதனாற்றானோ என்னவோ, முதலில் வேண்டுவது பணமே என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். வரலாறு வேறு விடை கூறுகிறது. அவ்விடையை ஹென்றி மாட்ஸ்லி என்னும் ஆங்கிலேயத் தொழிலாளியின் வாழ்க்கையிற் காண்போம்.

லண்டனை அடுத்த உல்விச் என்னும் ஊரில் 1771ஆம் ஆண்டு மாட்ஸ்லி பிறந்தார். 12ஆம் வயதிலேயே அரசாங்கப் படைக்கலச் சாலையில், தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்பும் பணி அவருக்குக் கிடைத்தது. பின்னர்த் தச்சுப் பட்டறைக்கு மாற்றப்பட்டார்; 15ஆம் வயதில் கொல்லுலைக்கு வந்தார். இரும்பு அவர் கைக்கு இணங்கியது. இளங்கொல்லனின் திறமை லண்டன் வரை பரவியது.

அக்காலத்தில் லண்டனில் ஜோசப் பிராமா என்பவர், எளிதில் திறக்கவியலாத பூட்டு ஒன்றைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றிருந்தார். அப்பூட்டின் உறுப்புகள் மிக நுண்ணியவை. கையினாற் செய்தால் காலமும் செலவும் மிகும். ஆகவே, தக்க தொழிலாளியைத் தேடினார். 1789இல், 18 வயது மாட்ஸ்லி அவர்முன் சென்று நின்றார். ஏழாண்டு முறையாகத் தொழில் பழகியவருக்கே பட்டறையில் இடம் தருவது அந்நாளைய வழக்கம். மாட்ஸ்லிக்கு அத்தகுதி இல்லை. அங்கே தேய்ந்து கிடந்த பழைய பிடிப்பொறி ஒன்றை ஒரே நாளிற் செப்பனிட்டுக் காட்டி அவர் வேலை பெற்றார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர்.

அங்கே அவர் எட்டாண்டுகள் உழைத்தார். பூட்டின் உறுப்புகளைச் செய்வதற்கென்றே தனி இயந்திரங்களை அமைத்தார். தலைமைத் தொழிலாளியாகவும் உயர்ந்தார். வாரக் கூலி 30 ஷில்லிங். மணமாகிக் குடும்பம் பெருகியபோது கூலியை உயர்த்துமாறு வேண்டினார். பிராமா மறுத்தார். 1797இல் மாட்ஸ்லி வெளியேறினார். சில ஷில்லிங்குகளை மிச்சப்படுத்த எண்ணிய முதலாளி, அந்நாட்டின் மிகச் சிறந்த தொழிலாளியை இழந்தார்.

மாட்ஸ்லியின் நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். மனைவி மக்களைக் காக்கும் கடமை ஒருபுறம். கைவிட்டு வந்த நிலையான வேலை மறுபுறம். பெரும்பொருள் அவரிடம் இல்லை. வெல்ஸ் தெருவில் ஒரு சிறு பட்டறையை அமர்த்திக்கொண்டு, ஒரேயொரு துணையாளுடன் தொழில் தொடங்கினார். அவருக்குக் கிடைத்த முதல் வேலை, ஓர் ஓவியரின் படச்சட்டத் தாங்கிக்கு இரும்பு வேலை செய்துகொடுப்பது. சிறிய வேலைதானே என்று அவர் அசட்டை செய்யவில்லை.

கடைசல் இயந்திரத்தில் உளியைக் கையாற் பிடித்துக் கடைவதே பெரும்பான்மை வழக்கமாக இருந்த காலம் அது. கை நடுங்கினால் வேலையும் கோணும். மாட்ஸ்லி, முழுதும் உலோகத்தாலான இயந்திரத்தில், உளியை இறுகப் பற்றி நேர்க்கோட்டிற் செலுத்தும் நகர்தாங்கியை அமைத்துச் செம்மையான திருகுகளை வெட்டினார். முன்பெல்லாம் ஒரு திருகாணிக்குப் பொருந்தும் மறை மற்றொன்றுக்குப் பொருந்தாது. அவர் பட்டறையிலோ திருகுகள் ஒரே அளவில் அமைந்தன. ஓர் அங்குலத்தின் 10,000இல் ஒரு பங்கையும் அளக்கவல்ல கருவி ஒன்றும் அங்கிருந்தது. அளவில் ஐயம் எழுந்தால் முடிவான தீர்ப்பு அதனுடையதே. ஆதலின் அதற்கு 'லார்டு சான்சலர்' என்று நீதித்துறைத் தலைவரின் பட்டத்தையே சூட்டியிருந்தனர்.

இத்திறமையே பெரிய வேலையைத் தேடிக்கொணர்ந்தது. பாய்க்கப்பல்களுக்கு மரக்கப்பிகள் ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தன. அவற்றை இயந்திரத்தாற் செய்யும் திட்டத்தை மார்க் புருனெல் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் வகுத்தார். அதற்கான நாற்பதுக்கும் மேற்பட்ட இயந்திரங்களை மாட்ஸ்லி செய்தளித்தார். போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 1808ஆம் ஆண்டளவில் 110 கைவினைஞர் செய்துவந்த வேலையை, அவ்வியந்திரங்களைக் கொண்டு 10 பேர் செய்து முடித்தனர். தொழிலின் வெற்றி இது. எனினும், ஏனைய நூறு பேரின் பிழைப்பு என்னாயிற்று என்பதும் பொறியாளர் எண்ணவேண்டிய வினாவே.

1810இல் தொழிற்சாலை லாம்பெத் பகுதிக்குப் பெயர்ந்தது. பின்னர் ஜோஷுவா ஃபீல்டு கூட்டாளியானார். கப்பல்களுக்கான நீராவி இயந்திரங்களில் அந்நிறுவனம் பெரும்புகழ் ஈட்டியது. 1831இல் மாட்ஸ்லி மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனமும் 1900இல் மூடப்பெற்றது. ஆயின், அவரிடம் பயின்றவர்கள் அவர் தொழிலை வளர்த்தனர். ஜோசப் விட்வொர்த் 1841இல், திருகுகளுக்கு நாடு முழுவதும் ஒரே அளவு வேண்டுமென்று திட்டம் வகுத்தார். நீராவிச் சம்மட்டியைக் கண்ட ஜேம்ஸ் நாஸ்மித்தோ, ஆசான் மறைந்தபின் உடனே தொழிற்சாலை திறந்துவிடவில்லை. எடின்பரோவில் ஏறத்தாழ ஈராண்டுகள் தங்கித் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொண்டு, அதன் பின்னரே மான்செஸ்டரிற் பட்டறை வைத்தார்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? பிறரிடம் உழைத்த ஆண்டுகள் வீணாண்டுகள் அல்ல. அவையே மாட்ஸ்லியின் உண்மையான முதல். சிறு வேலையிலும் பிறழாத அளவு அவர்தம் விளம்பரம். தமக்குக் கூலி உயர்த்தித் தராத முதலாளியைப் பற்றி அவர் குறைகூறிக்கொண்டிருக்கவில்லை; தம்மிடம் வந்த இளைஞருக்குத் தொழிலை ஒளியாது கற்பித்தார்.

நாளை நீங்களும் பட்டறை தொடங்கலாம். வாயிற்கதவில் உங்கள் பெயரைப் பொறிக்குமுன், பிறர் பட்டறையில் உங்கள் கை எதைக் கற்றது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வினாவுக்குத் தயங்காது விடை கூற முடியுமாயின், துணிந்து தொடங்குங்கள்.