எடிட்டருக்குள் நிரல்துணுக்கு இயக்கம்

எழுதிக்கொண்டிருக்கும் நிரலின் ஒரு சிறு பகுதியை மட்டும், எடிட்டரை விட்டு வெளியேறாமல் இயக்கி விடை காணும் முறை. இன்று சில மொழிகளில் இது லாங்குவேஜ் சர்வர் எனும் பின்னணி நிரலின் துணையுடன் நடைபெறுகிறது.

முன்னோடிகள்: 1970களில் ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருவான ஸ்மால்டாக் மொழியில், திரையில் உள்ள எந்த வரியையும் தேர்ந்து ‘டூ இட்’, ‘பிரிண்ட் இட்’ எனக் கட்டளையிடலாம். லிஸ்ப் மரபே இதற்கு மூத்தது என்போரும் உண்டு. குனூ ஈமாக்ஸ் எடிட்டரின் ‘ஸ்கிராட்ச்’ பக்கத்தில் ஒரு லிஸ்ப் கோவையை எழுதி கன்ட்ரோல்-ஜே அழுத்தினால், விடை அதன் கீழேயே பதியும். பைத்தான் 2.1 (2001) உடன் வந்த, டிம் பீட்டர்ஸ் எழுதிய டாக்டெஸ்ட், >>> குறியிட்ட விளக்க எடுத்துக்காட்டுகளைச் சோதனைகளாகவும் ஆக்கியது.

லாங்குவேஜ் சர்வர் நெறிமுறை: எடிட்டரும் லாங்குவேஜ் சர்வரும் பேசிக்கொள்ளும் பொதுமுறையான இதை மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி ஆகியவை 2016 ஜூனில் அறிவித்தன. அதற்கு முன் 10 மொழிகளுக்கும் 10 எடிட்டர்களுக்கும் 100 இணைப்புகள் தேவை; இதன் பின் 20 போதும். பிழை காட்டுதல், பெயரின் வரையறைக்குத் தாவுதல் முதலியவற்றுக்கு இதில் இடமுண்டு. ‘இயக்கு’ என்றொரு கோரிக்கை இல்லை. எனவே சர்வர் எழுதியோர் வேறு மூன்று வசதிகளைக் கோத்து அக்குறையை நிரப்பினர். வரிக்கு மேல் சிற்றெழுத்தில் தோன்றும் கோட் லென்ஸைச் சொடுக்கினால், எக்ஸிகியூட் கமாண்ட் சர்வருக்குச் செல்லும். சர்வர் கணக்கிட்டு, அப்ளை எடிட் வழியே விடையைக் கோப்பில் எழுதச் சொல்லும்.

ஹாஸ்கெல்: இம்மூன்றின் இணைப்பு தெளிவாகத் தெரிவது, இரு திட்டங்கள் 2020இல் இணைந்து உருவான, ஹாஸ்கெல் மொழிக்கான ஹாஸ்கெல் லாங்குவேஜ் சர்வரில். கருத்துரை வரியில் >>> இட்டு 1 முதல் 10 வரையிலான எண்களின் கூட்டலை எழுதினால் ‘எவாலுவேட்’ எனும் லென்ஸ் தோன்றும். சொடுக்கியதும் அடுத்த வரியில் 55 பதியும், லென்ஸ் ‘ரெஃப்ரெஷ்’ ஆகிவிடும். அதற்குரிய அமைப்பைத் தேர்ந்திருந்தால், நிரல் மாறி விடையும் மாறும்போது பழையது ‘வாஸ்’ என்றும் புதியது ‘நவ்’ என்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். இவ்விடைகள் கோப்புடனேயே சேமிக்கப்படுவதால், பின்னர் படிப்பவருக்கு விளக்கமாகவும் உதவுகின்றன.

பிற மொழிகள்: ரஸ்ட் அனலைசரின் ‘ரன்’ லென்ஸ் முனையத்தில் நிரலை இயக்கும், கோப்பைத் தொடாது. லீன் 4இல் விடை பக்கப் பலகத்தில் தோன்றும்.

விவாதம்: பிறர் எழுதிய நிரலை இயக்குவது சர்வருக்குத் தகுமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. முடிவில்லாச் சுழலோ கோப்பை அழிக்கும் கட்டளையோ அத்துணுக்கில் இருக்கலாம். விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டர், இத்தகைய அபாயம் கருதி 2021இல், ஒரு கோப்புறையை நம்புகிறீர்களா என்று முன்கூட்டியே கேட்கத் தொடங்கியது.

அண்மை: நெறிமுறையின் 3.17ஆம் பதிப்பு (2022) உரையும் நிரல் கட்டங்களும் கலந்த நோட்புக் ஆவணங்களுக்கு இடமளித்தது. அவற்றின் கட்டங்களை இயக்கும் பொறுப்பு எடிட்டரிடமே விடப்பட்டுள்ளது.