மலையகத்தில் விழாக்கால வாடகை வாகனமும் சாரதியும்

திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பாடசாலைப் பிரியாவிடை, கல்விச் சுற்றுலா, தலயாத்திரை போன்ற ஏதேனும் ஒரு நிகழ்வுக்காக ஒரு பகலுக்கோ ஓர் இரவுக்கோ சாரதியோடு சேர்த்துப் பேசி அமர்த்தப்படும் வாகனமே விழாக்கால வாடகை வாகனம் எனப்படும். இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இதற்கு வழங்கும் பெயர் ‘ஹயர்’ என்பதாகும்; வாகனம் அமர்த்துவதை ‘ஹயர் பேசுவது’ என்றும், அத்தொழில் செய்வதை ‘ஹயர் ஓடுவது’ என்றும் மக்கள் சொல்வர். வாடகைக்கு எடுப்பவரே ஓட்டிச் செல்லும் முறையும் நாட்டில் உண்டு எனினும், மலைப்பாதை பழகாதவர் கையில் வாகனத்தைக் கொடுக்க உரிமையாளர்கள் தயங்குவதால், மலையகத்தில் ஹயர் என்றாலே வாகனமும் அதை ஓட்டும் ஆளும் சேர்ந்தே பொருள்படும்.

இந்நிகழ்வுகளுள் பாடசாலைப் பிரியாவிடையை எடுத்துக்கொண்டால், பாடசாலை வாழ்வின் இறுதி விழா இரவுக்காகச் சாரதியுடன் வாகனம் அமர்த்தும் வழக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது. அங்கே ‘ப்ரொம்’ எனப்படும் நடன விருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லூரிகளில் தோன்றி, பின்னர் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பரவியது; அணிவகுத்து உலாவுதலைக் குறிக்கும் ‘ப்ரொமனேட்’ என்ற சொல்லின் சுருக்கமே அப்பெயர். நீண்ட லிமோசின் காரில் மாணவர்கள் கூட்டமாகப் போய் இறங்குவது ஆடம்பரமாகத் தோன்றினாலும், அனுமதிப்பத்திரம் பெற்றுச் சில மாதங்களே ஆன இளையவர்கள் நள்ளிரவில் தாமே வண்டி ஓட்டி வருவதைத் தவிர்க்கலாம் என்பதே பல பெற்றோர் அதற்குப் பணம் கொடுக்க இசைவதற்குக் காரணமாகும். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் இதற்கு மிக நெருங்கிய நிகழ்வு உயர்தர வகுப்பு மாணவர்க்கு அடுத்த வகுப்பினர் எடுக்கும் பிரியாவிடை விழாவாகும். அது பெரும்பாலும் பகலில், பாடசாலை மண்டபத்திலேயே, ஆசிரியர்கள் முன்னிலையில் நடந்து முடியும். ஆயினும் அன்று மாணவிகள் கட்டும் சேலையும், மாணவர்கள் ஒரே நிறத்தில் தைத்துக்கொள்ளும் சட்டையும், அதையொட்டி நண்பர்கள் சேர்ந்து வேன் பேசி நுவரெலியா கிரகரி வாவி வரை போய்வரும் பயணமும், மேலைநாட்டு இளையோர் அந்த இரவுக்குத் தரும் மதிப்புக்குச் சற்றும் குறைந்தவையல்ல.

சாரதி வைத்து வாகனத்தில் செல்லும் வழக்கம் மலையகத்தில் தோட்டங்களை நிர்வகித்த துரைமாரிடமிருந்தே தொடங்கியது. புகையிரதப் பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய காலத்தில், நிலையத்திலிருந்து மேலே செல்ல வசதியுள்ளோர் குதிரை வண்டிகளை நாடினர். மோட்டார் வாகனம் வந்த பின்னர் தோட்டத்துக் காரும் அதன் சாரதியும் பெரிய துரையின் பங்களாவுக்கே உரியவர்களாக இருந்தனர். தொழிலாளிக்குக் கால்நடையே கதி. பிரசவ வலி கண்ட பெண்ணையும் கொழுந்து மலையில் விழுந்து காயமுற்றவரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றது பல இடங்களில் கொழுந்து ஏற்றும் தோட்டத்து லொறிதான் என்பதை, விழா வாகனத்தைப் பற்றிப் பேசும்போதும் மறந்துவிடலாகாது. பிற்காலத்தில் நகரங்களில் மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்ற பிரித்தானியக் கார்கள் வாடகைக்கு ஓடின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதைத் தொடர்ந்து ஜப்பானிய வேன்கள் பெருகின. டொயோட்டா லைட் ஏஸ், டவுன் ஏஸ், முகப்பு வடிவத்தால் ‘டொல்பின்’ என்று பெயர் பெற்ற ஹை ஏஸ், அதற்குப் பின் வந்த ‘கே.டி.எச்.’ ஆகியவை ஹயர் தொழிலின் முதுகெலும்பாயின.

காரைவிட வேன் விரும்பப்படுவதற்குக் காரணம் கணக்குத்தான். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு நாள் வேன் வாடகையோ அத்தகைய பல நாட்சம்பளங்களை விழுங்கக்கூடியது. ஆகவே பத்துப் பதினைந்து பேர் தலைக்கு இவ்வளவு என்று பணம் போட்டு வேன் பேசுவதே வழக்கமாயிற்று. கலியாணத்துக்குச் சீட்டுக் காசு எடுத்து வாகனத்துக்கு ஒதுக்குவோரும் உள்ளனர். பிள்ளையின் பிரியாவிடைக்காக ஒரு தாய் எடுத்துக் கொடுக்கும் அந்தப் பங்குப் பணத்தில் எத்தனை கிலோ கொழுந்து இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் இந்தச் செலவை வீண் ஆடம்பரம் என்று எளிதில் ஒதுக்கமாட்டார்கள்.

பேரம் பெரும்பாலும் நகரத்து வேன் நிறுத்துமிடத்திலோ தொலைபேசியிலோ வாய்மொழியாகவே முடிந்துவிடுகிறது. குறித்த தூரம் வரை ஒரு தொகை, அதற்கு மேல் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்பது ஒரு முறை. போய்வர மொத்தமாக ஒரு விலை பேசிக்கொள்வது இன்னொரு முறை. மண்டபத்துக்கு வெளியே வாகனம் நிற்கும் நேரத்துக்கான காத்திருப்புக் கட்டணம், ‘பட்டா’ எனப்படும் சாரதியின் படிப்பணம், அவருடைய சாப்பாடு, இரவு தங்க நேர்ந்தால் படுக்க இடம் ஆகியவை முன்கூட்டியே பேசப்படாவிட்டால் விழா முடிந்த களைப்பில் மனத்தாங்கலாக முடியும். முக்கியமான இன்னொரு செய்தி, வாகனம் எதுவரை வரும் என்பது. நகரத்தில் பேசும்போது ‘வீட்டு வாசலுக்கே வரும்’ என்று சொல்லப்பட்டாலும், கற்கள் பெயர்ந்த தோட்டத்துப் பாதையில் தாழ்ந்த வேன் ஏற முடியாமல் பிரதான வீதிச் சந்தியிலேயே நின்றுவிடுவதுண்டு. அப்போது தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து சேலைக் கொசுவத்தை ஒரு கையிலும் புதுச் செருப்பை மறுகையிலும் பிடித்துக்கொண்டு, ஈரப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கிவரும் பிள்ளைகளை, சந்தியில் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும் வேன் ஏற்றிக்கொள்ளும்.

2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியதால், இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வேன்களின் விலை ஏறியது. ஹயர் ஓடுவோர் பழுது பார்த்துப் பழுது பார்த்தே அவற்றை ஓட்ட வேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். அட்டை முறையின்படி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று பங்கிடப்பட்டபோது தொலைதூர ஹயர் ஏறத்தாழ முடங்கிப் போயிற்று.

எனினும் வாகனத்தின் வயதைவிடச் சாரதியின் பழக்கமே மலையகத்தில் பெரிது. தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இடையிலுள்ள பாதை வளைந்து வளைந்து ஏறுவது. இத்தகைய இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, பிரேக் எண்ணெய் கொதித்து, மிதித்தாலும் பிடிக்காத நிலை உண்டாகும். ஆகையால் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச் சாரதிகளின் பாலபாடம். கியரைக் குறைத்து, இயந்திரத்தின் இழுவையாலேயே வேகத்தை அடக்கி, வளைவுக்கு வளைவு ஒலியெழுப்பி, பிரேக்கை இடையிடையே மட்டும் தொட்டு இறக்குவது அவர்கள் முறை. பனிமூட்டம் இறங்கும் இரவுகளில் முகப்பு விளக்கை உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டு வெள்ளைச் சுவராகத் திரும்பும் என்பதால், விளக்கைத் தாழ்த்தி வீதியோரக் கோட்டைப் பார்த்தே ஓட்டுவர். புறப்படும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கற்பூரம் காட்டும் சாரதி, அதே கையால் டயரையும் பிரேக் எண்ணெயையும் பார்த்துவிட்டே ஏறுகிறார் என்றால் அவரை நம்பிப் பிள்ளைகளை அனுப்பலாம்.

விழா வாகனத்துக்கே உரிய ஆபத்து தூக்கமின்மை. முகூர்த்தக் காலமும், மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையிலான சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும், ஏப்ரல் மாதத்து நுவரெலியா வசந்த காலமும் ஒன்றோடொன்று நெருங்கி வருவதால், முந்திய இரவு அம்மலையின் அடிவாரத்திலுள்ள நல்லதண்ணி வரை யாத்திரிகரை ஏற்றிச் சென்றவரே மறுநாள் பிரியாவிடைப் பயணத்துக்கும் வந்து நிற்கக்கூடும். வந்தவரிடம் நேற்று உறங்கினாரா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. மதுவைப் பொறுத்தவரை, 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருப்பது சாரதிக்குக் குற்றமாகும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயது நிரம்பாதோருக்கு மது விற்பதும் குற்றமாகையால், உயர்தர மாணவர் பயணத்தில் அதற்கு இடமே இல்லை. வாகனத்தின் காப்புறுதி தனிப்பட்ட பாவனைக்கா வாடகைப் பாவனைக்கா எடுக்கப்பட்டது என்பதும் பார்க்கத்தக்கது. தனிப்பட்ட பாவனைக்கென எடுத்த காப்புறுதியோடு ஹயர் ஓடும் வாகனம் விபத்துக்குள்ளானால் நட்டஈடு மறுக்கப்பட வாய்ப்புண்டு. பாடசாலையின் பெயரில் செல்லும் சுற்றுலாவுக்குக் கல்வி அதிகாரிகளின் முன் அனுமதி தேவை.

மலைப்பாதை இறக்கத்தின் ஆபத்தை ஒரு விபத்து உணர்த்தியது: 2023 ஜனவரி 20ஆம் திகதி மாலை, கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களை ஏற்றிய பஸ் ஒன்று, நானுஓயாவுக்கு அருகே ரதல்ல குறுக்கு வீதியின் செங்குத்தான இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து, எதிரே வந்த வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதிப் பள்ளத்தில் விழுந்தது. வேனில் வந்த அறுவரும் முச்சக்கரவண்டிச் சாரதியுமாக ஏழு பேர் உயிரிழந்தனர். பஸ்ஸில் இருந்த மாணவர்கள் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இவ்விபத்தை அடுத்து ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் முதலிய கனரக வாகனங்கள் செல்வது தடை செய்யப்பட்டது.