மர்டான் மமாட்

மர்டான் மமாட் (பிறப்பு 1967) சிங்கப்பூரின் தொழில்முறை கோல்ஃப் வீரர். ஐரோப்பிய டூர் பட்டத்தை வென்ற முதல் சிங்கப்பூரர் இவரே. அந்த வெற்றி கிடைத்த இடம், சாங்கி விமான நிலையத்திலிருந்து சில நிமிடப் பயணத்தில் உள்ள லகுனா நேஷனல் திடல்.

1994இல் தொழில்முறை ஆட்டத்துக்கு மாறினார். 1997இல் ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் திடலில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் ஆடினார். அப்போட்டியில் களமிறங்கிய முதல் சிங்கப்பூரரும் அவர்தான். அவ்வாண்டு கோப்பை அமெரிக்கர் ஜஸ்டின் லெனர்டுக்குச் சென்றது. 2004இல் இந்திய ஓப்பனை வென்று ஆசிய டூரில் முதல் பட்டத்தைப் பெற்றார்.

அவர் ஐரோப்பிய டூர் பட்டம் வென்ற 2006ஆம் ஆண்டின் சிறப்பை உணர, அப்பட்டத்தைத் தந்த சிங்கப்பூர் மாஸ்டர்ஸ் போட்டியின் கதை தெரிய வேண்டும். ஆசிய டூரும் ஐரோப்பிய டூரும் சேர்ந்து நடத்திய இப்போட்டி 2001இல் தொடங்கியது. வென்றவருக்கு ஐரோப்பியத் தொடரில் ஆடும் உரிமையும் கிடைத்ததால், ஆசிய வீரர்களுக்கு இது பெரிய வாசலாக இருந்தது. முதல் ஆண்டில் ஃபிஜியின் விஜய் சிங் வென்றார். 2002இல் அர்ஜுன் அட்வால் வென்று, ஐரோப்பிய டூர் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். 2003இல் நடந்ததை இன்று படித்தாலும் நெஞ்சு படபடக்கும். சீனாவின் ஜாங் லியான்வெய், தென்னாப்பிரிக்க நட்சத்திரம் எர்னி எல்ஸை ஒரே அடி வித்தியாசத்தில் முந்தினார். ஐரோப்பிய டூரில் ஒரு சீனர் பெற்ற முதல் பட்டம் அது. 2004இல் ஸ்காட்லாந்தின் காலின் மாண்ட்கோமெரியும் 2005இல் இங்கிலாந்தின் நிக் டோஹர்டியும் வென்றனர்.

இந்தியரும் சீனரும் வரலாறு படைத்த போட்டியில் சொந்த மண்ணின் வீரருக்கான இடம் மட்டும் வெறுமையாகவே இருந்தது. அதை 2006 மார்ச்சில், தம் 38ஆம் வயதில் மர்டான் நிரப்பினார். நான்கு நாள், 72 குழிகள். முடிவில் நடப்பு வெற்றியாளர் டோஹர்டியைவிட ஒரே ஓர் அடி குறைவு.

இதுவே அவர் வாழ்வின் உச்சம் என்பது பரவலான கருத்து. வழி திறந்தது 2004 இந்திய ஓப்பன்தான் என்று கொள்ளவும் இடமுண்டு.

ஆசிய டூரில் அடுத்த பட்டத்துக்கு 2012 பிலிப்பைன் ஓப்பன் வரை காத்திருந்தார். 2014இல் மணிலா மாஸ்டர்ஸ், 2015இல் பங்களாதேஷ் ஓப்பன் ஆகியவற்றையும் வென்றார். இவ்விரண்டின்போதும் அவருக்கு வயது 47. தம்மில் பாதி வயதினரோடு மோதிப் பெற்ற இந்தப் பட்டங்கள், லகுனா வெற்றியின் வெளிச்சத்தில் போதிய அளவு பேசப்படவில்லை.

சிங்கப்பூர் மாஸ்டர்ஸ் 2007உடன் நின்றது. அவ்வாண்டு சீனாவின் லியாங் வென்சோங் வென்றார். ஐரோப்பியத் தொடர் 2014இலும், பின்னர் 2023, 2024ஆம் ஆண்டுகளிலும் லகுனாவுக்குத் திரும்பியது. அவற்றில் முறையே சிலியின் ஃபெலிப்பே அகிலார், தென்னாப்பிரிக்காவின் ஆக்கி ஸ்ட்ரைடம், சுவீடனின் யெஸ்பர் ஸ்வென்சன் ஆகியோர் வென்றனர். மர்டானைப் போலவே, மகளிர் ஐரோப்பிய டூரில் 2024இல் கென்ய ஓப்பனை வென்ற ஷேனன் டான், அத்தொடரில் பட்டம் பெற்ற முதல் சிங்கப்பூரர். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார்.