மூட்டிலிருந்து தொடங்கும் உருவரைவு: நாஞ்சில் நாட்டுத் தோற்பாவையும் அசைவூட்டக் கல்வியும்

முன்னுரை

இந்திய அசைவூட்டப் பயிற்சியின் வரலாறு பெரும்பாலும் 1956ஆம் ஆண்டிலிருந்து எழுதப்படுகிறது. பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில், டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் இந்திய ஓவியர்களுக்குப் பயிற்சியளித்தார். பின்னாளில் புகழ்பெற்ற ராம் மோகன் அங்குப் பயின்றவர். ஆயின், அசைவதற்கென்றே மனித உருவை வரையும் கல்வி அதற்கு முன்னரே தமிழகத்தின் தென்கோடியில் நிலவியது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே நாஞ்சில் நாட்டிலும் கிழக்கே நெல்லைச் சீமையிலும் நிகழ்த்தப்பட்டுவந்த தோற்பாவைக்கூத்தே அதன் களமாகும். அப்பாவைகளின் உருவரைவு முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிற்கும் உருவும் அசையும் உருவும்

நாஞ்சில் நாட்டுக் கோயில்களில் காணப்படும் சிற்பங்கள் தாள அளவு மரபைச் சார்ந்தவை. உத்தம தசதாளத்தில் உருவின் முழு உயரம் 124 அங்குலமாக வகுக்கப்படும். இவ்வளவு முறை உறுப்புகளின் விகிதத்தை வரையறுக்கிறது. அவற்றின் பெயர்ச்சியைக் கருதுவதில்லை.

வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தார் நிகழ்த்தும் தோற்பாவைக்கூத்தில் நிலை வேறு. பதப்படுத்திய ஆட்டுத்தோலில் உருவம் வரையப்பட்டு, வெட்டப்பட்டு, ஒளி ஊடுருவத் துளையிடப்பட்டு, வண்ணம் தீட்டப்படுகிறது. அசைய வேண்டிய உறுப்பு தனித்துண்டாக வெட்டப்பட்டு மூட்டில் நூலால் பிணைக்கப்படுகிறது. ஆகவே வரைபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, உருவம் எங்கே மடங்கும் என்பதையே. துண்டுகள் ஒன்றன்மேலொன்று படியும் அளவு குறைந்தால் கை உயரும்போது தோளில் இடைவெளி தோன்றும். மிகுந்தால் அவ்விடம் திரையில் கருமையாகத் தெரியும்.

அசைவின் சிக்கனம்

எல்லாப் பாவைக்கும் ஒரே அளவு அசைவு தரப்படுவதில்லை. பட்டாபிடேகக் காட்சி போன்றவை பல உருவங்களுடன் ஒரே தோலில் அமைகின்றன. நகைச்சுவைப் பாத்திரங்களான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் மிகுந்த துள்ளலுடன் ஆட்டப்படுகின்றனர். இவ்வேறுபாட்டிற்கு நிகழ்த்துமுறையும் காரணமாகலாம். திரைக்குப் பின்னால் ஒருவரே எல்லாப் பாவைகளையும் இயக்கி, எல்லாக் குரல்களிலும் பேசிப் பாடுகிறார். அவருக்கு இரண்டு கைகளே உள்ளன. மூட்டுகளின் எண்ணிக்கை அக்கைகளின் எல்லைக்கு உட்பட்டது. வரைபவரே ஆட்டுபவராகவும் இருக்கும்போது, வரைவின் குறை அன்றிரவே திரையில் வெளிப்படும். இதுவே இக்கல்வியின் தேர்வுமுறை.

ஒப்பீடு

கிளேர் வீக்ஸ் வழிவந்த முறையில் ஒவ்வோர் அசைவுநிலைக்கும் உருவம் புதிதாக வரையப்படுகிறது. தோற்பாவையிலோ ஒரே வரைவு எல்லா அசைவுகளையும் தாங்க வேண்டும். இதனோடு நெருங்கி நிற்பது, ஜெர்மானியக் கலைஞர் லொட்டே ரைனிகர் மூட்டுகளுடன் வெட்டிய நிழலுருக்களைக் கொண்டு உருவாக்கி 1926இல் வெளியான இளவரசர் அக்மது பற்றிய படம். எனினும் தோற்பாவையை அசைவூட்டப்படத்தின் மூதாதை எனக் கூறுவது பொருந்தாது; இரண்டிற்கும் நேரடித் தொடர்பைக் காட்டும் சான்று தேவை. ஒரே சிக்கலுக்குத் தனித்தனியே காணப்பட்ட தீர்வுகள் எனக் கொள்வதே தகும்.

முடிவுரை

பழைய பாவையைப் புதிய தோலின்மேல் வைத்துப் படியெடுத்தால் கோடுகள் எஞ்சும். மூட்டு அவ்விடத்தில் அமைந்ததன் காரணம் எஞ்சாது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ள பாவைக்கும் இது பொருந்தும். கூத்து அருகிவரும் இக்காலத்தில், பாவையின் வரைவையும் அதை ஆட்டும் கையின் அசைவையும் ஒருங்கே ஆவணப்படுத்துவதே இவ்வறிவைக் காக்கும் வழியாகும்.