மருந்தும் மயக்கமும்: கஞ்சாச் செடியின் மருத்துவ, சட்ட வரலாறு

பக்தாதில் கலீஃபாவின் அவையில் ஹாஜிப் எனும் உயர்பதவி வகித்த ஒருவரின் மகன் வலிப்பு நோயால் வருந்திக்கொண்டிருந்தார். கவிஞர் ஒருவர் அவரைக் காணச் சென்றபோது ஹஷீஷைக் கொடுத்து உண்ணச் செய்தார். வலிப்பு முற்றாக நின்றது. ஆனால் அதன் பின்னர் அந்நோயாளியால் ஹஷீஷ் இன்றி ஒரு பொழுதும் இருக்க இயலவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஹஷீஷைப் பற்றியும் மதுவைப் பற்றியும் நூல் எழுதிய அல்பத்ரீ இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்.

இச்சிறு குறிப்பில் இரண்டு உண்மைகள் அருகருகே நிற்கின்றன. நோய் தீர்ந்தது, நோயாளி அடிமையானார். முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வோர் கஞ்சாவை அருமருந்து என்கின்றனர். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்வோர் அதனை ஆய்வுக்கூடத்திலும் நுழையவிடலாகாது என்கின்றனர். உலக நாடுகள் பலவும் அண்மைக் காலத்தில் தம் சட்டங்களை மாற்றி வரும் வேளையில், இவ்விரு உண்மைகளையும் ஒருசேரக் கண்டு ஆராய்ந்தோர் நம் முன்னோரிடையே இருந்தனர் என்பதை நினைவுகூர்தல் பொருத்தமாகும்.

ஹகீம்களின் ஏடுகள்

கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடீஸின் மூலிகை நூல் ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் அறபு மொழிக்கு வந்தது. காதுவலிக்குக் கஞ்சாச் செடியின் சாற்றைப் பயன்படுத்தும் முறை அந்நூலில் கூறப்பட்டிருந்தது. அறபு மருத்துவர்கள் அதனை ஏற்றுத் தம் அனுபவங்களையும் சேர்த்தனர். இச்செடி அவர்களது நூல்களில் ‘கின்னப்’ எனக் குறிக்கப்படுகின்றது.

மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த தாவரவியல் அறிஞர் இப்னுல் பைதார், ‘இந்தியக் கின்னப்’ என்னும் வகை எகிப்தின் தோட்டங்களில் பயிரிடப்படுவதையும் அங்கு அது ஹஷீஷ் எனப்படுவதையும் எழுதினார். ஓரிரு திர்ஹம் எடை உண்டாலே கடும் போதை தரும் என்றும், அளவு மீறினால் மனநிலை பிறழும் என்றும் அவர் எச்சரித்தார். மருந்துகளைத் தொகுத்த நூலிலேயே நஞ்சின் எல்லையையும் குறித்த இந்நேர்மை அக்கால மருத்துவத்தின் சிறப்பியல்பாகும்.

ஃபுகஹாக்களின் பகுப்பு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹஷீஷ் பழக்கம் முஸ்லிம் நகரங்களில் பரவியபோது, மார்க்கச் சட்ட அறிஞர்கள் புதியதொரு வினாவை எதிர்கொண்டனர். மது பற்றிய தடை தெளிவானது. ஆனால் இது பானமன்று; உண்ணப்படும் இலை. இப்னு தைமிய்யா (ரஹ்) இதன் பரவலைத் தாத்தாரியரின் எழுச்சியோடு இணைத்து நோக்கி, மதுவுக்குரிய தடையும் தண்டனையும் இதற்கும் உண்டு என்று தீர்ப்புரைத்தார்.

1285இல் கெய்ரோவில் மறைந்த மாலிக்கீ அறிஞர் அல்கராஃபீ (ரஹ்) தமது ‘அல்ஃபுரூக்’ நூலில் வேறொரு வழியில் இதனை அணுகினார். அறிவைப் பாதிக்கும் பொருள்களை அவர் மூவகையாகப் பிரித்தார். மகிழ்ச்சியூட்டி அறிவை மறைப்பது ‘முஸ்கிர்’. அறிவைக் குலைப்பது ‘முஃப்ஸித்’. புலன்களை ஒடுக்கி உறங்கச் செய்வது ‘முரக்கித்’. ஹஷீஷை இரண்டாம் வகையில் சேர்த்த அவர், அதற்கு மதுவுக்குரிய ‘ஹத்’ தண்டனை இல்லை, ‘தஃஸீர்’ உண்டு எனக் கருதினார். ஒரு பொருளின் பெயரை வைத்தன்று, அது மனிதனுள் என்ன செய்கிறது என்பதை வைத்தே சட்டம் அமைய வேண்டும் என்பதே இப்பகுப்பின் உட்பொருள்.

தமிழ் முஸ்லிம்களில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் நூல்களிலும் இவ்வணுகுமுறையைக் காணலாம். அழுகிய உறுப்பை வெட்டியகற்றும் தேவை நேரும்போது, அறிவை நீக்கும் மருந்தை உட்கொள்ளலாம் என்பது அவர் வலுவுடையதாகக் கொண்ட கருத்து. தூய மதுவை மருந்தாக்குவதில் கண்டிப்புடன் நின்ற அதே மத்ஹபில்தான் இவ்வனுமதியும் தரப்பட்டது. தேவை எது, அளவு எது, மாற்று மருந்து உண்டா என்னும் வினாக்களே அங்கு முடிவைத் தீர்மானித்தன.

ஆட்சியாளர்களோ எளிய வழியை நாடினர். ஹிஜ்ரி 780இல் (1378-79) எகிப்தின் அமீர் ஸூதூன் அஷ்ஷைகூனீ ஹஷீஷ் பயிர்களை அழிக்கச் செய்ததோடு, அதனை உண்டோரின் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கவும் ஆணையிட்டார். ஆயினும் ஹிஜ்ரி 815இல் (1412-13) அப்பழக்கம் கெய்ரோவில் வெளிப்படையாகவே நிலவியது என வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ வருந்தி எழுதுகின்றார். தண்டனையின் கடுமை மட்டுமே பழக்கத்தை ஒழித்துவிடாது என்பதற்கு இது பழைய சான்று.

கல்கத்தாவில் ஓர் ஆய்வு

ஐரோப்பிய மருத்துவம் கஞ்சாவை முறையாக ஆராய்ந்தது இந்திய மண்ணில்தான். கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் புரூக் ஓஷானஸி என்னும் அயர்லாந்துக்காரர் 1839இல் தமது ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அவர் நேராகச் சோதனையில் இறங்கிவிடவில்லை. முதலில் பாரசீக, அறபு மருத்துவ நூல்கள் கூறுவனவற்றைத் திரட்டினார். ஹூக்ளி இமாம்பாராவின் முதவல்லி ஸையித் கராமத் அலீயும், தெஹ்ரானைச் சேர்ந்த ஹகீம் ஒருவரும் அவருக்குத் தகவல் தந்து உதவினர். இவ்வுதவியை அவரே தம் கட்டுரையில் பதிவு செய்துள்ளார்.

அதன் பின்னர் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகே நோயாளிகளுக்கு அளித்தார். மூட்டுவலி, காலரா, டெட்டனஸ் எனப்படும் ரண ஜன்னி ஆகியவற்றில் அதன் பயனை ஆராய்ந்தார். நாய்க்கடி வெறிநோய்க்கு ஆளானவரை அவரால் பிழைக்க வைக்க இயலவில்லை. ஆனால் அவரது வேதனை தணிந்தது. இடைவிடாத வலிப்பால் துன்புற்ற நாற்பது நாள் பெண் குழந்தை ஒன்று அவரது மருந்தால் குணமடைந்தது. அளவு மிகுந்தால் நேரும் மயக்கத்தையும் மனக்குழப்பத்தையும் அவர் மறைக்கவில்லை.

அவர் வழியே இம்மருந்து இங்கிலாந்தை அடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய, அமெரிக்க மருந்து நூல்களில் அது இடம்பெற்றது. எனினும் செடிக்குச் செடி வீரியம் மாறியது. ஒரு புட்டியில் வேலை செய்த அளவு மறு புட்டியில் பயனின்றியோ தீங்காகவோ அமைந்தது. செயல்படும் வேதிப்பொருள் எது என்பதை அன்று எவரும் அறியவில்லை. ஆஸ்பிரின் போன்ற, அளவு உறுதியான புதிய மருந்துகள் வந்ததும் மருத்துவர்கள் கஞ்சாவைக் கைவிடலாயினர்.

இதற்கிடையே பிரித்தானிய இந்திய அரசு 1893இல் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. ஏறத்தாழ 1,200 சாட்சிகளை விசாரித்த அக்குழு, மிதமான பயன்பாட்டால் பெரும்பாலும் தீங்கில்லை, மிகையான பயன்பாடு தீங்கானது, முழுத் தடை தேவையற்றது என 1894இல் அறிக்கையளித்தது. அவ்வரசுக்குக் கஞ்சா வரியால் வருவாய் கிடைத்து வந்தது என்பதையும் அவ்வறிக்கையைப் படிப்போர் மறத்தலாகாது.

ஜெனீவாவும் நியூயார்க்கும்

பன்னாட்டுத் தடையின் தொடக்கத்தில் முஸ்லிம் நாடொன்றின் குரல் ஒலித்தது. 1924ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவாவில் அபின் மாநாடு கூடியபோது, எகிப்தின் பிரதிநிதி முஹம்மத் அல்கிந்தீ, ஹஷீஷையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என வாதாடினார். தம் நாட்டு மக்களின் மனநோய்க்கு அது பெருங்காரணம் என்றார். 1925இன் உடன்படிக்கையில் இந்தியக் கஞ்சா இடம்பெற்றது.

1932இல் பிரித்தானிய மருந்து நூலிலிருந்தும், 1942இல் அமெரிக்க மருந்து நூலிலிருந்தும் கஞ்சா நீக்கப்பட்டது. 1961இல் நியூயார்க்கில் கையெழுத்தான போதைப்பொருள் ஒற்றை உடன்படிக்கை கஞ்சாவையும் அதன் பிசினையும் முதற் பட்டியலில் மட்டுமன்றி, ஹெராயினுடன் சேர்த்து மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலும் வைத்தது. பூக்களோடு சேராத இலையும் விதையும் அவ்வரையறையிலிருந்து விலக்கப்பட்டன. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வரையறையையே தழுவியது. அச்சட்டம் மருத்துவ, அறிவியல் தேவைக்கு இடம் வைத்தது. ஆயினும் அவ்வாயில் நெடுங்காலம் பெரிதும் திறக்கப்படவில்லை.

ஆய்வுக்கூடத்தின் விடை

தடை இறுகிய அதே காலத்தில்தான் விடையும் கிடைக்கத் தொடங்கியது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரஃபேல் மெக்கூலமும் அவர்தம் குழுவினரும், காவல்துறை கைப்பற்றி வைத்திருந்த லெபனான் ஹஷீஷைப் பெற்று ஆராய்ந்தனர். 1963இல் கன்னாபிடியோல் என்னும் பொருளின் அமைப்பை அறிந்தனர். 1964இல் டிஎச்சி எனச் சுருக்கி அழைக்கப்படும் போதைப்பொருளைத் தனித்துப் பிரித்தனர். ஒரே செடியில் போதை தருவதும் போதை தராததும் வெவ்வேறாக உள்ளன என்பது தெளிவாயிற்று. அல்கராஃபீ (ரஹ்) இவ்வேதியியலை அறிந்திருந்தார் எனக் கூறுவது மிகையாகும். ஆனால் ‘இது மனிதனுள் என்ன செய்கிறது?’ என்ற அவரது வினாவுக்கு உரிய கருவி இப்போதே கிட்டியது.

பிரேசிலில் 1980இல் வெளியான ஆய்வொன்றில், மற்ற மருந்துகளுக்கு அடங்காத வலிப்பு நோயாளிகள் எண்மருக்குக் கன்னாபிடியோல் அளிக்கப்பட்டது. நால்வருக்கு வலிப்பு ஏறத்தாழ நின்றது. மூவருக்கு ஓரளவு குறைந்தது. ஆயினும் இதனை உறுதிப்படுத்தும் பெரும் ஆய்வுக்கு முப்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. டிராவே நோய் எனப்படும் கொடிய குழந்தைப் பருவ வலிப்புடைய 120 பேரிடம் நடத்தப்பட்ட அவ்வாய்வு 2017இல் வெளியானது. மருந்து பெற்றோரிடையே மாதாந்திர வலிப்புகளின் இடைநிலை எண்ணிக்கை 12.4இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. போலி மருந்து பெற்றோரிடையே அது 14.9இலிருந்து 14.1 ஆக மட்டுமே மாறியது. தூக்கக் கலக்கம், கல்லீரல் நொதிகளின் உயர்வு ஆகிய பக்கவிளைவுகளும் காணப்பட்டன. 2018 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எபிடியோலெக்ஸ் என்னும் பெயரில் இம்மருந்தை ஏற்றது.

மறுபக்கத்தையும் காண வேண்டும். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, வளர்ந்தோரின் நாட்பட்ட வலி, புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்தி, நரம்புத் தளர்ச்சி நோய் ஒன்றில் தோன்றும் தசை இறுக்கம் ஆகியவற்றில் பயனுக்கு வலுவான சான்று உண்டு என்றது. அதே அறிக்கை, கஞ்சாப் பழக்கத்துக்கும் மனச்சிதைவு நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதற்கும், பழக்கம் மிகுமளவு ஆபத்தும் மிகும் என்பதற்கும் வலுவான சான்று உண்டென்றது. அல்கிந்தீயின் அச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று.

முஸ்லிம் நாடுகளின் நிலை

2020 டிசம்பர் 2ஆம் நாள் வியன்னாவில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை ஏற்று, கஞ்சாவை நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியது. 27 நாடுகள் ஆதரித்தன, 25 எதிர்த்தன, ஒரு நாடு விலகி நின்றது. முதற் பட்டியலில் கஞ்சா தொடர்ந்து நீடிக்கின்றது. இந்தியாவும் மொராக்கோவும் ஆதரித்தன. எகிப்தும் பாகிஸ்தானும் துருக்கியும் எதிர்த்தன.

அதே ஆண்டு ஏப்ரலில் லெபனான் நாடாளுமன்றம் மருத்துவ, தொழில் தேவைகளுக்கான சாகுபடியை அனுமதித்தது. மொராக்கோ 2021இல் சட்டமியற்றி, ரீஃப் மலைப்பகுதி மாகாணங்களில் உரிமம் பெற்ற சாகுபடிக்கு வழிவகுத்தது. 2024 ஆகஸ்டில் அந்நாட்டு மன்னர் 4,800க்கும் மேற்பட்ட கஞ்சா விவசாயிகளுக்கு மன்னிப்பளித்தார். வியன்னாவில் எதிர்த்து வாக்களித்த பாகிஸ்தானும் 2024இல் ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கச் சட்டம் செய்தது. இம்மாற்றங்களில் வருவாய் நாட்டமும் கலந்திருப்பதை மறுக்க இயலாது.

இந்தோனேசியாவின் நிகழ்வு இவற்றினும் ஆழ்ந்த சிந்தனைக்குரியது. மூளை முடக்குவாதத்தால் வருந்தும் குழந்தைகளின் தாய்மார் மூவர், மருத்துவத்துக்கேனும் அனுமதி வேண்டி 2020இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடினர். தீர்ப்பு வருமுன்னரே அக்குழந்தைகளில் ஒன்று இறந்தது. 2022 ஜூனில் அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் மஃரூஃப் அமீன், மருத்துவப் பயன்பாடு குறித்து ஃபத்வா வழங்குமாறு உலமா சபையைக் கேட்டுக்கொண்டார். ஜூலை 20ஆம் நாள் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது; ஆனால் அரசு உடனடியாக ஆய்வு மேற்கொள்ள வேண்டும் எனவும் கூறியது. ஆய்வு இல்லாததால் அனுமதி இல்லை. அனுமதி இல்லாததால் ஆய்வு இல்லை. இவ்வட்டத்துள் சிக்கியவை அக்குழந்தைகளின் நாட்கள்.

நிறைவாக

போதையின் தடை இஸ்லாத்தில் ஐயத்துக்கு இடமற்றது. அறிவைக் காத்தல் ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. உயிரைக் காத்தலும் அவற்றுள் ஒன்றே. இரண்டும் மோதுவதுபோல் தோன்றும் இடத்தில்தான் அறிவுழைப்பு தேவைப்படுகின்றது. ‘மருத்துவம்’ என்னும் சொல்லின் மறைவில் போதை வாணிகம் நுழைவதைத் தடுப்பது நம் கடமை. அதே வேளை, ‘போதை’ என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நோயுற்ற குழந்தையின் மருந்தையும் மறுப்பது அக்கடமையின் பகுதியாகாது.

நம் ஊர்களின் மருத்துவரும் ஆலிமும் இத்தகைய வினாக்களை ஒன்றாக அமர்ந்து ஆராயும் அவைகள் இன்று அரிதாகவே உள்ளன. எந்தப் பொருள், எந்த நோய்க்கு, எவ்வளவு, எவரது கண்காணிப்பில், வேறு வழி உண்டா என அவர்கள் கூடிக் கேட்க வேண்டும். பக்தாதின் அந்நோயாளிக்கு வலிப்பை நிறுத்தும் மருந்தைக் கொடுக்க ஒருவர் இருந்தார். அதன் அளவையும் எல்லையையும் வகுத்து உடன்நிற்க ஒருவர் இல்லை. அவ்விடத்தை நிரப்பும் பொறுப்பு அறிவுடையோருக்கு உரியது.